செட்டிநாட்டுப் பழைய வீட்டு ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. அது முடிந்த கையோடு அப்பா அம்மாவைக் காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலில் இரண்டு இரவு தங்கவைக்க ஆசைப்பட்டு, மூன்று அறைகளுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். படத்தில் நான் பார்த்தது பளபளவென்று தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் வளவு, அதாவது வீட்டு நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். போய் இறங்கியதும் எங்களுக்குக் கொடுத்தது, தோட்டத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இரண்டு அறை, பழைய வீட்டின் மாடியில் ஒரு அறை. பழைய வீட்டில்தான் அப்பா அம்மா இருக்க வேண்டும் என்று நினைத்தோம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தப் படி ஒவ்வொன்றும் முக்கால் முழம் இருக்கும்போல, கைப்பிடியும் கிடையாது. கடைசியில் அம்மா புதுக் கட்டடத்தில் படுத்தார். எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண அறை.

ஹோட்டல்காரர்கள் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வேறொரு வீட்டுக்குப் போனபோது எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு போனேன். அந்த இரண்டு நாளும் மிக நன்றாக இருந்தன. இடையில் நான் தெரிந்துகொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் எந்த மாதிரி வீடு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

'செட்டிநாட்டு ஹோட்டல்' என்று தேடினால் வருவதெல்லாம் ஒரே வகை கிடையாது. கானாடுகாத்தானில் இருக்கும் விசாலம், ஆர்ட் டெகோ என்ற மேற்கத்தியக் கட்டடப் பாணியில் கட்டிய வீடு. சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்துகிறது. திருமயத்துக்குப் பக்கத்தில் கடியாபட்டியில் இருக்கும் சிதம்பர விலாஸ், தூண்களும் முற்றங்களுமாக நீண்டு போகும் பழைய அரண்மனை வீடு. கொத்தமங்கலத்தில் இருக்கும் சாரதா விலாஸ் 1910இல் கட்டியது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் இருவர் அதைச் செப்பனிட்டு, பழைய வீட்டுக்குள் இன்றைய வடிவமைப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காரைக்குடியிலேயே இருக்கும் பங்களா, பெயருக்கேற்றபடி பங்களாதான். சாப்பாட்டுக்குப் பேர் போன இடம். வளவும் தூணும் பார்க்க வேண்டும் என்று அங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும். வாழை இலைச் சாப்பாட்டுக்காகப் போனால் திருப்தியாகத் திரும்புவீர்கள்.

பெயரில் 'பேலஸ்', 'மேன்ஷன்' என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செட்டிநாட்டு பாணியில் புதிதாகக் கட்டிய ரிசார்ட்டுகளும் அதே பெயர்களில் உண்டு. 'இது எந்த வருடம் கட்டிய வீடு, யாருடைய வீடு?' என்று ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். உண்மையான வீடு என்றால் கட்டியவர் பெயர், செட்டியார் குலக் கோயில்களில் எதைச் சேர்ந்த குடும்பம் என்பது வரை சொல்வார்கள்.

2. அறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

செட்டிநாட்டு வீடு தங்கும் விடுதியாகக் கட்டியது கிடையாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள், அந்தக் காலத்தில் ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. பாத்திரம் பண்டமும் சீர் சாமானும் வைக்கத்தான் அவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். அதனால் அவை சின்னவை, சன்னல் குறைவு, பகலிலும் இருட்டு. மாடி அறைகளில் காற்றும் வெளிச்சமும் தாராளம், ஆனால் படி ஏற வேண்டும், லிப்ட் இருக்காது. பின்கட்டிலோ தோட்டத்திலோ புதிதாகக் கட்டிய அறைகளில் குளியலறை பெரிது, படி கிடையாது, ஆனால் பழைய வீட்டில் தங்கிய உணர்வு வராது. ஒரே விலையில், ஒரே 'டீலக்ஸ்' என்ற பெயரில் இந்த மூன்றும் இருக்கலாம். முன்பதிவுத் தளத்தில் 'டீலக்ஸ் டபுள்' என்று மட்டும் போட்டிருந்தால், எது கிடைக்கும் என்பது அன்றைக்கு எது காலியோ அதைப் பொறுத்தது.

ஆகவே தளத்தில் விலையைப் பாருங்கள், ஆனால் பணம் கட்டும் முன் நேரடியாக ஹோட்டலுக்குப் போன் செய்து, பிறகு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேளுங்கள். நான் இரண்டாம் முறை அனுப்பியது ஏறக்குறைய இதுதான். தேதியை மட்டும் மாற்றி அப்படியே அனுப்பலாம்.

'வணக்கம். டிசம்பர் 12, 13 இரண்டு இரவு. பெரியவர்கள் நான்கு பேர், எட்டு வயதுப் பையன் ஒருவன். இரண்டு அறை. இரண்டுமே பழைய வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்று தரைத்தளத்தில், படி ஏறாமல் போகிற மாதிரி. அந்த அறைகளின் பெயர் அல்லது எண், அந்த அறைகளின் படம், குளியலறைப் படம் அனுப்புங்கள். குளியலறை அறைக்குள்ளேயா, அதில் படி உண்டா? பையனுக்குத் தனிக் கட்டில் எவ்வளவு? காலை உணவோடு, இரவு உணவோடு, வரி எல்லாம் சேர்த்து இரண்டு நாளைக்கு மொத்தம் எவ்வளவு? அந்தத் தேதிகளில் வீட்டில் ஏதாவது விசேஷமோ படப்பிடிப்போ இருக்கிறதா?'

குளியலறைப் படி பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வீட்டில் குளியலறை என்பது பிற்பாடு சேர்த்தது. கீழே குழாய் கொண்டுபோக இடம் வேண்டும் என்று தரையை உயர்த்தி, ஒரு படியோ இரண்டு படியோ வைத்திருப்பார்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் விழுவது அங்கேதான். நிலைப்படியும் அப்படியே. பழைய வாசல்களில் அது ஒரு சாண் உயரம் இருக்கும். முதல் நாள் எல்லோரும் ஒரு தடவையாவது இடித்துக்கொள்வார்கள். என் பையன் இரண்டு தடவை.

கடைசிக் கேள்வியை, அதாவது விசேஷம் பற்றிய கேள்வியை, விட்டுவிடாதீர்கள். இந்த வீடுகளில் பல, குடும்பத்துக்குச் சொந்தமாகவே இருந்து ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விட்டவை. வீட்டுக்காரர்களின் கல்யாணமோ, சாந்தி எனப்படும் அறுபதாம் கல்யாணமோ அங்கே நடக்கலாம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கவும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுவதும் உண்டு. வளவில் பேசினால் மாடி வரை கேட்கும் வீடு. அங்கே நாற்பது பேர் வேலை செய்தால் நீங்கள் அறையை விட்டு வெளியே வரவே முடியாது.

3. மொத்தத் தொகையை வரியோடு கேளுங்கள்

நான் விசாரித்த இடங்களில் இருவர் தங்கும் அறை, காலை உணவோடு, ஒரு இரவுக்கு ஏறக்குறைய 7,000 ரூபாயிலிருந்து 15,000 வரை சொன்னார்கள். சீசனைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஆனால் சொல்லும் விலை வேறு, கட்டும் விலை வேறு.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5%. அதைத் தாண்டினால் 18%. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375, மொத்தம் 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் வித்தியாசம் நூறு ரூபாய், கையிலிருந்து போவது 1,093 ரூபாய் அதிகம். செட்டிநாட்டு வீடுகளில் நிறைய அறைகள் இந்த எல்லையை ஒட்டியே இருப்பதால் இது பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். வரி விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகைதான், அட்டையில் அச்சிட்ட விலை கிடையாது. 8,200 ரூபாய் அறையை வார நாளில் 7,500க்குத் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்களுக்கு 700 ரூபாய் குறையும். உங்களுக்கு 9,676 என்பது 7,875 ஆகிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை, கூட்டம் இல்லாத மாதத்தில், கேட்டால் பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

சாப்பாட்டுத் திட்டத்தில் மூன்று வகை. சி.பி. என்றால் காலை உணவு மட்டும். எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியமோ இரவோ ஒரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். காரைக்குடிக்குள் தங்கினால் சி.பி. போதும், வெளியே மெஸ் நிறைய உண்டு. கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் பக்கம் தங்கினால் எம்.ஏ.பி. எடுங்கள். இருட்டிய பிறகு அந்தத் தெருக்களில் சாப்பிட இடம் தேடுவது கஷ்டம்.

சாப்பாட்டுக்கும் வரி கவனியுங்கள். முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு அறையை 7,500 ரூபாய்க்கு மேல் விட்ட ஹோட்டல் என்றால், அங்கே உணவக பில்லுக்கு 18% வரி. நீங்கள் தங்கும் அறை 7,000 ரூபாய்தான் என்றாலும் அப்படித்தான். மற்ற இடங்களில் 5%. நான்கு பேர் இரண்டு நாள் சாப்பிட்டால் இது சின்னத் தொகை கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால், அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்தப் பணத்தை அடுப்படியில் நிற்பவர்கள் கையிலும் அறையைக் கூட்டுபவர்கள் கையிலும் நேராகக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும்.

முன்பணம் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய ஹோட்டல்களின் பெயரில் போலித் தளங்களும் போலி போன் எண்களும் உலாவுகின்றன. வரைபடத்தில் கிடைத்த எண்ணை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். பணம் அனுப்பும் முன் ஒரு பில் கேளுங்கள். அதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். வங்கிக் கணக்கின் பெயரும் அதுவும் ஒத்துப்போனால் அனுப்புங்கள். தனி ஆள் பெயரில் உள்ள யு.பி.ஐ.க்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

4. எப்போது போவது, எவ்வளவு நாள் முன்னால் பதிவு செய்வது

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மழை வரலாம். ஆனால் திறந்த முற்றத்தில் மழை விழுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அதனால் அந்த மாதங்களையும் நான் தள்ள மாட்டேன். ஏப்ரல், மே வேண்டாம். வீடு வெயில் தாங்கும், வீட்டை விட்டு இறங்கினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள். விலை அப்போதுதான் குறைவு என்பதால் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை போக நினைத்தால் மூன்று மாதம் முன்பே பேசுங்கள். இந்த வீடுகளில் அறைகள் குறைவு. பத்துப் பதினைந்து அறை என்பதே பல இடங்களில் அதிகம். ஒரு வெளிநாட்டுக் குழு வந்தால் முழு வீடும் நிரம்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஹோட்டலை அதற்கு முன்பே பிடிக்க வேண்டும். டிக்கெட் கிடைக்காமல் போனால் ஹோட்டல் பணம் போய்விடக் கூடாது. அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் விலையில் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தத் தேதிக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பண்டிகை நாட்களில் பெரும்பாலும் ஒரு ரூபாயும் திரும்பாது.

5. ஆவணங்கள்

தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரியோடு கூடிய அடையாள அட்டை வேண்டும். அறைக்கு ஒருவருடையது போதும் என்று நினைத்து அம்மாவின் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். வரவேற்பில் அரை மணி நேரம் நின்றோம். கீழ்க்கண்டவற்றை எடுத்துவையுங்கள்.

ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று, அசல். பான் கார்டு செல்லாது, அதில் முகவரி கிடையாது. ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வர மனம் இல்லை என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கி அச்சிட்டு எடுத்துப் போங்கள். குழந்தைகளுக்கு ஆதாரோ பள்ளி அட்டையோ போதும். வயதைப் பொறுத்துத்தான் கட்டில் கட்டணம் என்பதால் இது உங்களுக்கே உதவும்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர்கள் கூட வந்தால் இன்னும் கவனம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என்று எங்கிருந்து வந்தாலும் அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்கள் அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அவர்களின் விவரத்தை அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டை மதுரையில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அறை தர மாட்டார்கள், கெஞ்சினாலும் பயன் இல்லை. பாஸ்போர்ட், விசா பக்கங்களை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால், போய் இறங்கியதும் நேரம் மிச்சம்.

முன்பதிவுக் கடிதம், முன்பணம் கட்டிய ரசீது, அந்த வாட்ஸ்அப் பதில், மூன்றையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கனத்த சுவருக்குள் சிக்னல் சரியாக வராது. வரவேற்பு மேசையில் நின்று போனை மேலே தூக்கிப் பிடித்துத் தேட வேண்டாம்.

6. போய்ச் சேரும் வழியும் நேரமும்

சென்னையிலிருந்து காரைக்குடிக்கு நேரடி ரயில் பல்லவன். மதியம் கிளம்பி இரவு பத்து மணி வாக்கில் சேரும். இராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் காரைக்குடி வழியாகப் போகின்றன. ரயில் எழும்பூரில் கிளம்புகிறதா தாம்பரத்திலா என்று டிக்கெட்டில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். விமானம் என்றால் திருச்சி அல்லது மதுரை. இரண்டிலிருந்தும் சுமார் 90 கிலோமீட்டர்.

பல்லவனில் வந்தால் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் இன்னும் 15 கிலோமீட்டர் போக வேண்டும். ஹோட்டல் போய்ச் சேரும்போது அடுப்படி மூடியிருக்கும். இந்த வீடுகளில் ராத்திரி முழுக்கச் சமையல் நடக்காது, இரவு உணவையே மதியம் சொல்லிவைத்தால்தான் செய்வார்கள். ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது இட்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இரவு ரயிலில் வந்தால் பிரச்சினை வேறு. விடியற்காலையில் இறங்கிவிடுவீர்கள், அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான். முன்னால் அறை தருவார்களா, இல்லையென்றால் குளித்து உடை மாற்ற இடம் தருவார்களா, காலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

காரும் டிரைவரும் கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கேட்க மறக்கிறார்கள். டிரைவர் எங்கே படுப்பார், எங்கே சாப்பிடுவார்? எங்கள் முதல் பயணத்தில் டிரைவர் அண்ணன் காருக்குள் கொசுக்கடியில் தூங்கியது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் மனசு உறுத்துகிறது. சில ஹோட்டல்களில் டிரைவர் அறை உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லையென்றால் காரைக்குடியில் ஒரு லாட்ஜ் போட்டுக் கொடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும்.

7. விசேஷம் கொண்டாட நினைப்பவர்கள் வீட்டின் கட்டுப்பாடுகளைக் கேளுங்கள்

பிறந்தநாள், கல்யாண நாள் என்று அறையை அலங்கரிக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். நாங்கள் அப்பாவுக்காகப் பலூனும் வண்ணத் தோரணமும் வாங்கிப் போயிருந்தோம். தம்பி சுவரில் டேப் ஒட்டப் போனான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். கோபமே இல்லை. தம்பியின் உள்ளங்கையை எடுத்துச் சுவரில் வைத்து, 'தடவிப் பாருங்க தம்பி' என்றார். நானும் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு, மதியம் இரண்டு மணிக்கும் பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் கலந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துத் தேய்த்து எடுத்த சுவர். டேப்பைப் பிய்த்தால் அந்த மேல்பூச்சு பெயர்ந்து வந்துவிடும், அதைத் திரும்பப் பூசத் தெரிந்த ஆள் இன்று அரிது. ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்த இடத்தையும் காட்டினார், யாரோ நாள்காட்டி ஒட்டிய இடம். பிறகு அவரே வாழைமரமும் மாவிலையும் கொண்டுவந்து தூணில் கட்டிக் கொடுத்தார். எங்கள் பலூனைவிட அது எவ்வளவோ அழகு.

ஹோமம் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. வர்ணம் தீட்டிய கூரையில் புகை படியும் என்பதால் வீட்டுக்குள் விட மாட்டார்கள். வெளி முற்றத்தில் விடுவார்களா என்று கேட்கலாம். கேக் வெட்டுவது பிரச்சினை இல்லை, ஆனால் மினுக்கும் தூளும் நுரையும் தெளிக்கக் கூடாது. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடித் தளத்தில், அதாவது கையால் செய்த வண்ண ஓட்டில், ஈரம் பட்டால் வழுக்கும், கறை பிடித்தால் போகாது.

பெரிய கேமராவோடு ஆள் வைத்துப் படம் எடுத்தால் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. போனில் எடுக்க ஒன்றும் கிடையாது. பூட்டியிருக்கும் கதவுகளைத் திறந்து பார்க்க முயலாதீர்கள். அது வீட்டுக்காரர்களின் சாமி அறையாக இருக்கலாம். குத்தகைக்கு விட்ட பிறகும் அதை மட்டும் தங்களுக்கென்று வைத்திருப்பார்கள்.

8. தங்கும் நாட்களில்

அறைக்குள் போனதும் மூன்றைப் பாருங்கள். வெந்நீர் வருகிறதா, கரண்ட் போனால் ஏ.சி.யும் ஓடுமா இல்லை விளக்கு மட்டுமா, கொசுவலை இருக்கிறதா. திறந்த முற்றம் உள்ள வீடு, கொசு வரத்தான் செய்யும். குறை இருந்தால் அன்றே சொன்னால் அறை மாற்றித் தருவார்கள்.

சாப்பாட்டை முந்தின வேளையே சொல்லுங்கள். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, கந்தரப்பம் எல்லாம் நினைத்தவுடன் வராது. ஊற வேண்டும், அரைக்க வேண்டும். காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். சமைக்கும் அம்மாவிடம் நேராகப் போய்ப் பேசினால் அட்டையில் இல்லாத ஒன்றும் கிடைக்கும்.

சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். ஆத்தங்குடியில் தளம் செய்யும் பட்டறை, பக்கத்திலேயே பார்வைக்குத் திறந்திருக்கும் பெரிய வீடு, பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை. கோயில் நடுப்பகலில் சாத்தியிருக்கும், ஆகவே காலையில் கோயில், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பாடும் தூக்கமும், மாலையில் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமயம் கோட்டையில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். உள்ளே கூட்டிப் போகிறேன் என்று தெருவில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஊர் சுற்றுவதையே முழுநேர வேலையாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது அந்த வீட்டைத்தான். காலை ஆறரை மணிக்கு வளவில் வந்து உட்காருங்கள். முற்றத்தில் விழும் வெயில் ஒவ்வொரு தூணாக நகர்ந்து வரும்.

9. கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்ய வேண்டியது பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்கு. இரவு ரயில் என்றால் நடுவில் பத்து மணி நேரம் இருக்கிறது. பெட்டியை வைக்க இடம் எங்கும் தருவார்கள், ஆனால் படுக்க இடம் தர மாட்டார்கள். பெரியவர்கள் இருந்தால் ஒரே ஒரு அறையை மட்டும் அரை நாள் நீட்டிக்கக் கேளுங்கள், அதற்கும் வரியோடு விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லை முந்தின இரவே தரச் சொல்லிச் சரிபாருங்கள். முன்பணம் கழித்திருக்கிறார்களா, அறைக்கு என்ன வரி விகிதம், நீங்கள் கேட்காத மாட்டுவண்டிச் சவாரியோ சமையல் விளக்கமோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இயந்திரம் வேலை செய்யாமல் போவது அங்கே அடிக்கடி நடப்பது. கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் பில்லில் பொருளின் விவரத்தை எழுதி வாங்குங்கள். பழையது என்று விற்பதில் பாதி புதிதாகச் செய்தவை. விலை பேசும்போது அது உங்களுக்குச் சாதகம். உண்மையிலேயே நூறு வருடம் தாண்டிய சிலையோ மரச் சிற்பமோ என்றால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கி, விமான நிலையத்தில் பறிகொடுக்க வேண்டாம். அவர்களுக்குக் கண்டாங்கிச் சேலை வாங்கிக் கொடுங்கள். ஆத்தங்குடித் தளத்தில் ஆசை இருந்தால் பட்டறையிலேயே ஒன்றிரண்டு கேட்டுப் பாருங்கள். கனம் அதிகம், மூலை சட்டென்று உடையும். துணிக்கு நடுவில் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.